மும்பைக் குடிசைப் பகுதிகளும் தொண்டு நிறுவனங்களும் – ஒரு பார்வை

தொண்டு நிறுவனம் என்று சொன்னாலே நம்மில் பலருக்கும் மனதில் வருவது ஒரே காட்சிதான். மேடை, நாற்காலி, பொன்னாடை, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், கடைசியில் ஒரு குரூப் போட்டோ. இதில் தப்பு ஒன்றும் இல்லை. நம்ம சங்கங்களும் வருஷா வருஷம் அதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் ஒரு பெருநகரத்தில் லட்சக்கணக்கான பேர் குழாய் இல்லாமல், கக்கூஸ் இல்லாமல், என்றைக்கு வந்து இடிப்பார்களோ என்ற பயத்தோடு வாழும்போது, நோட்டுப் புத்தகத்தால் ஆகக்கூடியது கொஞ்சம்தான். அந்த இடத்தில் தொண்டு நிறுவனங்கள் வேறு என்ன செய்ய முடியும், என்ன செய்திருக்கின்றன, எங்கே சறுக்கியிருக்கின்றன என்பதை மும்பையை வைத்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மும்பையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இந்தக் கதையில் நம்மவர்கள் பல இடங்களில் வருகிறார்கள். அது வெளிமாநிலத் தமிழர்களான நமக்கே சரியாகத் தெரியாது.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. 'நிலைத்த வளர்ச்சி' என்று இப்போது எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். 1987இல் நார்வே நாட்டுப் பிரதமர் புருண்ட்லாண்ட் அம்மையார் தலைமையில் ஐ.நா. குழு ஒன்று கொடுத்த அறிக்கையில் இருந்து இந்தச் சொல் உலகமெல்லாம் பரவியது. 2015இல் ஐ.நா. சபை வகுத்த 17 இலக்குகளில் 11ஆவது இலக்கு நகரங்களைப் பற்றியது. விளக்கங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நான் எளிமையாகப் புரிந்துகொண்டது இதுதான்: கட்டிக் கொடுத்தவர் ரிப்பனை வெட்டிவிட்டுப் போன பிறகு, பத்து வருஷம் கழித்தும் அந்தக் குழாயில் தண்ணீர் வருகிறதா? வருகிறது என்றால் அது நிலைத்த வளர்ச்சி. இல்லையென்றால் அது வெறும் திறப்பு விழா.

சேலத்துக்காரர் ஒருவரின் வழக்கு

1981 ஜூலையில், மழை கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அன்றைய மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே மும்பை நடைபாதைகளில் குடியிருப்பவர்களை அப்புறப்படுத்தி அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பிவிடுவோம் என்று அறிவித்தார். சொன்னபடி குடிசைகள் இடிக்கப்பட்டன, ஆட்கள் பஸ்ஸில் ஏற்றப்பட்டார்கள். பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் உள்ளிட்டவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். மனுதாரர்களில் ஒருவர் சேலத்திலிருந்து வந்த தொழிலாளி. தீர்ப்பிலேயே அவர் கதை இருக்கிறது. ஊரில் நிலமற்ற கூலி. பஞ்சத்தால் வேலை போய் 1961இல் மும்பைக்கு வந்தார். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய். நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்ட ஒரு மறைவுக்காக உள்ளூர் தாதா ஒருவர் அவரிடம் 2,500 ரூபாய் கறந்திருக்கிறார். மனைவி, மூன்று பெண் குழந்தைகள். 1981 ஜூலை 23 அன்று அந்த மறைவையும் பிய்த்தெறிந்துவிட்டு, குடும்பத்தோடு சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் மகள்களும் ஊரிலேயே தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையிலேயே குடியேறினார். ஊரில் வேலை இருந்தால் அவர் ஏன் வரப் போகிறார்?

1985 ஜூலை 10 அன்று தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. (அந்த ஐவரில் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி ஏ. வரதராஜன். உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதி அவர்.) அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றார்கள். சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் இந்தத் தீர்ப்பைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் முழுக்கப் படித்தால் விஷயம் வேறு. முன்னறிவிப்பு கொடுத்து, முறைப்படி மாநகராட்சி அப்புறப்படுத்தலாம், அதுவும் மழைக்காலம் முடிந்து 1985 அக்டோபர் 31க்குப் பிறகு என்றும் அதே தீர்ப்பு சொல்லியது. 1976 கணக்கெடுப்பில் பதிவாகி அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு மட்டும் மாற்று இடம் தர வேண்டும். ஆக, நடைபாதைவாசிகள் கையில் கிடைத்தது ஒரு நல்ல வாசகமும் ஒரு கெடு தேதியும்.

அந்தக் கெடுதான் ஒரு புதிய விதமான தொண்டு வேலைக்கு விதை போட்டது.

எண்ணிக்கை எடுத்தவர்கள்

1984இல் ஷீலா படேல் முதலானவர்கள் சேர்ந்து 'ஸ்பார்க்' என்ற நிறுவனத்தை மும்பையில் ஆரம்பித்தார்கள். பைகுல்லாவில் மாநகராட்சி மருந்தகம் ஒன்றின் பழைய கேரேஜில்தான் முதல் ஜாகை. இடிக்க வருகிறார்கள் என்றதும் கொடி பிடித்துத் தெருவில் இறங்குவதுதான் அந்தக் காலத்து வழக்கம். இவர்கள் வேறு ஒன்று செய்தார்கள். நடைபாதைவாசிகளைக் கொண்டே நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்தார்கள். யார், எந்த ஊர், எத்தனை வருஷமாக இங்கே, என்ன வேலை, எவ்வளவு வருமானம் என்று வீடு வீடாக, அதாவது கித்தான் கித்தானாகக் கேட்டு எழுதினார்கள். 1985இல் அது வெளியானபோது ஏறத்தாழ 6,000 குடும்பங்கள், 27,000 பேர் அதில் இருந்தார்கள். அந்த அறிக்கைக்கு 'கண்ணுக்குத் தெரியாத நாங்கள்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள்.

ஒரு கணக்கெடுப்பால் என்ன பெரிதாக நடந்துவிடும் என்று கேட்கலாம். அரசாங்கத்தோடு பேசிப் பழகியவர்களுக்கு விடை தெரியும். அதிகாரி மேஜையில் எண் இருப்பவனுக்கு ஒரு மரியாதை, எண் இல்லாதவனுக்கு வேறு மரியாதை. அதுவரை நடைபாதைவாசி என்றால் 'நேற்று வந்தவன், நாளைக்குப் போகிறவன், திருடன்' என்றுதான் பேச்சு. கணக்கைப் பார்த்தால் பலரும் பல வருஷமாக அதே இடத்தில் இருப்பவர்கள், வேலைக்கு நடந்தே போகிறவர்கள், கூலி வேலையும் வீட்டு வேலையும் செய்து நகரத்தைத் தாங்குகிறவர்கள் என்று தெரிந்தது. நடந்து போகிற தூரத்தில் வேலை இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நடைபாதையில் படுக்கிறார்கள்! முப்பது கிலோமீட்டர் தள்ளி இலவச மனை கொடுத்தாலும் ஏன் திரும்பி வருகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

இதன் தொடர்ச்சியாக 1986இல் 'மகிளா மிலன்' என்ற பெண்கள் அமைப்பு பிறந்தது. அதோடு சேர்ந்துகொண்டது தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு. அதன் தலைவர் ஜோக்கின் அற்புதம்.

இந்தப் பெயரை நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை. கோலார் தங்க வயலில் பிறந்த தமிழர். தச்சு வேலை தெரிந்தவர். 1963இல், மீசை முளைக்கிற வயதில், மும்பைக்கு வந்து மான்கூர்ட் பக்கம் ஜனதா காலனியில் தங்கினார். அங்கே மாநகராட்சி குப்பை எடுப்பதில்லை. மனு எழுதி அலுத்துப் போகவில்லை இவர். பிள்ளைகளைத் திரட்டி, ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பையைக் கையில் கொடுத்து, ஊர்வலமாகப் போய் மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்ட வைத்தார். குப்பை வண்டி வர ஆரம்பித்தது. பிறகு அந்தக் காலனி இருந்த நிலம் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு வேண்டும் என்றார்கள். பல வருஷம் வழக்கு, போராட்டம். நெருக்கடி நிலை காலத்தில், 1976இல், ஏறத்தாழ 70,000 பேர் வசித்த அந்தக் காலனி தரைமட்டமாக்கப்பட்டது. அவர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம்தான் இன்றைய சீட்டா கேம்ப். அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தெருவில் தமிழ்க் குரல் கேட்காத மூலை குறைவு.

தோற்ற பிறகு அவர் எடுத்த முடிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரசாங்கத்தோடு சண்டை மட்டும் போட்டால் சண்டைதான் மிஞ்சும், வீடு மிஞ்சாது; ஆகவே தீர்வையும் நாமே கையில் கொண்டுபோக வேண்டும் என்ற வழிக்கு வந்தார். இதைச் சமரசம் என்று விமர்சித்தவர்களும் உண்டு. 2000இல் அவருக்கு மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 2018 அக்டோபர் 13 அன்று காலமானார்.

மூன்று அமைப்புகளும் சேர்ந்து வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்பார்க் படித்தவர்களின் நிறுவனம். கணக்கு எழுதும், அரசுக்குக் கடிதம் போடும், வெளியிலிருந்து பணம் கொண்டுவரும். கூட்டமைப்பு ஆட்களைத் திரட்டும். மகிளா மிலன் சேமிப்பையும் அன்றாட நிர்வாகத்தையும் பார்க்கும். நிறுவனம் தருகிற இடத்திலும் மக்கள் வாங்குகிற இடத்திலும் நிற்கிற பழைய ஏற்பாடு இல்லை இது. மும்பையில் பிறந்த தமிழரான மானிடவியல் அறிஞர் அர்ஜுன் அப்பாதுரை இந்தக் கூட்டணியைப் பற்றி எழுதிய கட்டுரை உலகப் பல்கலைக்கழகங்களில் பிரபலம்.

தினமும் ஒரு ரூபாய்

மகிளா மிலனின் அடித்தளம் சேமிப்பு. நம்ம பெண்கள் சீட்டு போடுவது மாதிரிதானே என்று தோன்றும். பாதி அப்படித்தான். மீதி வேறு. சீட்டு மாதத்துக்கு ஒருமுறை. இங்கே தினமும். தெருவில் ஒரு பெண் வீடு வீடாக வந்து ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ இருப்பதை வாங்கிக்கொண்டு போவார். இல்லை என்றால் இல்லை, நாளைக்குப் பார்க்கலாம். ஆரம்பத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் என்பதால், ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்து, தொகைக்கு ஏற்றபடி நிறம் நிறமாகக் காகிதத் துண்டுகளை அதில் போட்டு வைத்தார்கள். பையைத் திறந்து பார்த்தால் கணக்கு. பாஸ்புக்கைவிட நம்பகமானது, ஏனென்றால் அதை வைத்திருப்பவருக்கே அது புரியும்.

சேரும் பணம் சின்னது. பிள்ளைக்குக் காய்ச்சல், புருஷனுக்கு வேலை இல்லை, ஊரில் சாவு என்றால் அவசரக் கடன் கிடைக்கும். வட்டிக்காரரிடம் ஓட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண்களுக்கு உண்மையில் கிடைத்தது பணம் மட்டும் இல்லை. தினமும் வாசலுக்கு வருகிற பெண்ணுக்கு அந்தத் தெருவின் நிலவரம் முழுக்கத் தெரியும். யார் வீட்டில் சண்டை, யார் புதிதாக வந்தார், யாருக்கு ரேஷன் கார்டு இல்லை என்பதெல்லாம் அத்துப்படி. இடிக்க வருகிறார்கள் என்ற செய்தி ஒரு மணி நேரத்தில் பரவும். வீடு கட்டும் திட்டம் வந்தால் யாரால் தவணை கட்ட முடியும் என்பது ஏற்கனவே தெரியும். சர்வே கம்பெனி லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு எடுக்கிற தகவல் இது.

கக்கூஸ் அரசியல்

பேசக் கூச்சப்படுகிற விஷயம், ஆனால் பேசாமல் முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மும்பை மாநகராட்சி எல்லையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் குடிசைப் பகுதியில்தான் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பொதுக் கழிப்பறையை, மும்பைப் பேச்சில் சொன்னால் சண்டாஸை, நம்பி இருப்பவர்கள். பழைய முறை எப்படி என்றால், ஏதோ ஒரு துறை பணம் ஒதுக்கும், காண்ட்ராக்டர் கட்டுவார், திறந்து வைப்பார்கள். தண்ணீர் இணைப்பு இருக்காது, விளக்கு இருக்காது, செப்டிக் டேங்க் நிரம்பினால் கேட்க நாதி இருக்காது. சில மாதத்தில் கதவு போகும், அப்புறம் உள்ளே போக முடியாது. வாசலிலேயே பிள்ளைகள் உட்காரும். பெண்கள் இருட்டுக்காகக் காத்திருப்பார்கள். விடியற்காலை ஒருமுறை, இரவு ஒருமுறை. இடையில் தண்ணீர் குடிக்காமல் இருந்து எத்தனை பேருக்குச் சிறுநீர்த் தொற்று என்று அந்தப் பகுதி டாக்டர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இதில் ஒரு மாற்றம் 1999இல் புனேயில் வந்தது. அப்போதைய மாநகராட்சி ஆணையர் ரத்னாகர் கெய்க்வாட், கழிப்பறைகளைக் கட்டுவதோடு பராமரிக்கவும் பொறுப்பேற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தொண்டு நிறுவனங்களை அழைத்தார். இரண்டே ஆண்டுகளில் 400க்கு மேற்பட்ட கழிப்பறைத் தொகுதிகள் எழும்பின. முந்தைய 30 ஆண்டுகளில் கட்டியதைவிட அதிகம். ஸ்பார்க் கூட்டணியும் அதில் பெரும் பங்கு எடுத்துக்கொண்டது. மகிளா மிலன் பெண்களில் சிலரே காண்ட்ராக்டர் ஆனார்கள். சிமெண்ட் மூட்டை விலை பேசுவதும் மேஸ்திரியை வேலை வாங்குவதும் அவர்கள்தான்.

வடிவமைப்பில் பெண்கள் சொன்ன திருத்தங்களைப் பாருங்கள். ஆண்களும் பெண்களும் ஒரே வரிசையில் நின்றால் காலையில் ஆண்கள் முந்திக்கொள்வார்கள், ஆகவே தனித்தனி வழி. பிள்ளைகளைப் பெரியவர்கள் வரிசையில் தள்ளிவிடுவார்கள், தவிர பெரிய குழியைப் பார்த்தால் குழந்தைக்குப் பயம், ஆகவே பிள்ளைகளுக்குத் தனியாகச் சின்ன அளவில். வாளியைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, ஆகவே பெரிய தண்ணீர்த் தொட்டி. காவலாள் குடும்பத்தோடு தங்கினால்தான் ராத்திரியிலும் சுத்தமாக இருக்கும், ஆகவே மேலே ஒரு அறை. இன்ஜினியரிங் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருக்க முடியாத பாடம். கட்டி முடித்தால் 'சண்டாஸ் மேளா' என்று விழா எடுத்து அதிகாரிகளை அழைத்து வந்து காட்டினார்கள். கக்கூஸுக்குத் திறப்பு விழாவா என்று சிரித்தவர்கள் உண்டு. அதிகாரி அந்த ஒரு நாளாவது உள்ளே வந்து பார்த்தாரே!

பணக் கணக்கு இன்னும் முக்கியம். ஒரு தடவைக்கு ஒரு ரூபாய் என்று வாங்கினால், ஐந்து பேர் உள்ள குடும்பம் தினம் ஒரே ஒரு தடவை போனாலும் மாதம் 150 ரூபாய். முடியாதவர்கள் மறுபடி ரயில் பாதைக்குத்தான் போவார்கள். இவர்கள் குடும்பத்துக்கு மாத பாஸ் போட்டார்கள். புனேயில் அப்போது 20 ரூபாய். அந்தப் பணத்தில் காவலாள் சம்பளம், பினாயில், மின்சாரம். கட்டடச் செலவு மாநகராட்சியுடையது, நடத்தும் செலவு மக்களுடையது. மும்பையில் உலக வங்கி உதவியோடு 1995இல் ஆரம்பித்த குடிசைப் பகுதித் துப்புரவுத் திட்டத்திலும் கிட்டத்தட்ட இதே விதி. பெரியவர் ஒருவருக்கு 100 ரூபாய் வீதம் முன்பணம் சேர்த்துச் சங்கம் பதிவு செய்தால்தான் கழிப்பறை.

எல்லாம் நன்றாக நடந்ததா என்றால் இல்லை. சங்கம் உயிரோடு இருக்கிற இடத்தில் கழிப்பறையும் உயிரோடு இருக்கிறது. சங்கம் ஒரு குடும்பத்தின் கையில் போன இடத்தில் அது கடை மாதிரி ஆகிவிட்டது, பாஸ் போய் மறுபடி தடவைக்கு இவ்வளவு என்று வசூல். தண்ணீரையும் மின்சாரத்தையும் வணிகக் கட்டணத்தில் கொடுத்து அமுக்கிய இடங்களும் உண்டு. மக்கள் பங்கேற்பு என்று சொல்லிவிட்டு மாநகராட்சி கையைக் கழுவிக்கொள்ளும் ஆபத்து இதில் எப்போதும் இருக்கிறது. பணக்காரர் வீட்டுச் சாக்கடைக்கு யாரும் பங்கேற்பு கேட்பதில்லையே என்று ஒருவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோது, எல்லோரும் பயந்தது இந்தப் பொதுக் கழிப்பறைகளைப் பார்த்துத்தான். வீட்டுக்குள் இருங்கள் என்று சொல்லலாம், கக்கூஸுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல முடியுமா? மாநகராட்சி, உள்ளூர் டாக்டர்கள், தொண்டு அமைப்புகள் எல்லாம் சேர்ந்து கழிப்பறைகளை ஒரு நாளைக்குப் பல தடவை கிருமிநாசினி அடித்து, வீடு வீடாகக் காய்ச்சல் பார்த்து, பள்ளிக்கூடங்களில் தனிமைப்படுத்தி, சாப்பாடும் கொடுத்தார்கள். அந்த வருஷம் ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை உதாரணமாகச் சொன்னார். ஏற்கனவே அங்கே வேர் விட்டிருந்த அமைப்புகள் இல்லாமல் இரண்டு வாரத்தில் புதிதாக அதை உண்டாக்கியிருக்க முடியாது.

தண்டவாளத்தை விட்டு நகர்ந்தவர்கள்

மும்பை லோக்கல் ரயிலில் போனவர்கள் 2000க்கு முன்பு பார்த்திருப்பீர்கள். தண்டவாளத்தை ஒட்டியே குடிசைகள், கையை நீட்டினால் தொடலாம் போல. அந்த இடங்களில் ரயில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஊர்ந்தது. 2000 தொடக்கத்தில் ரயில்வே திடீரென்று ஏறத்தாழ 2,000 குடிசைகளை இடித்தது. கூட்டமைப்பு ரயில் பாதைவாசிகளுக்கென்றே ஒரு பிரிவு வைத்திருந்தது. குடிசைகளுக்கு எண் போட்டு, பட்டியல் தயாரித்து, யார் எந்தக் கட்டடத்துக்கு என்று குழு குழுவாகப் பிரித்து வைத்திருந்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு மாநில அரசு மாற்று இடத்துக்கு ஒப்புக்கொண்டது. அடுத்த ஒரு வருஷத்துக்குள் 10,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் போலீஸ் தடியடி இல்லாமல், தங்கள் குடிசையைத் தாங்களே பிரித்துக்கொண்டு, ட்ரான்சிட் கேம்புகளுக்கும் புதுக் கட்டடங்களுக்கும் போனார்கள். அந்த அளவில் இந்திய நகரங்களில் அதற்கு முன் நடந்ததாக நான் படித்ததில்லை.

ஆனால் 225 சதுர அடி வீடும் பட்டியலும் மட்டும் வாழ்க்கை ஆகிவிடாது. உலக வங்கிக் கடனோடு 2002இல் அங்கீகரிக்கப்பட்ட மும்பை நகரப் போக்குவரத்துத் திட்டத்தில் இதே முறையைப் பெரிய அளவில் செய்யப்போய்ச் சிக்கல் வந்தது. கடைக்காரர்கள் உட்படப் பாதிக்கப்பட்டவர்கள் 2004இல் உலக வங்கியின் விசாரணைக் குழுவுக்குப் புகார் அனுப்பினார்கள். குழு தன் அறிக்கையில், அரசு செய்ய வேண்டிய மறுகுடியமர்த்தல் வேலையைத் தொண்டு நிறுவனங்களின் தலையில் அளவுக்கு மீறிச் சுமத்தியதையும் குறை சொன்னது. 2006இல் சில மாதங்களுக்கு வங்கி பணத்தையே நிறுத்தி வைத்தது. கோவண்டி, மான்கூர்ட் பக்கம் எழும்பிய மறுகுடியமர்வுக் கட்டடங்கள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. அங்கே வெளிச்சமும் காற்றும் வராத வீடுகளில் காசநோய் அதிகம் என்று 'டாக்டர்ஸ் ஃபார் யூ' அமைப்பின் ஆய்வு 2018இல் சொன்னது. லிஃப்ட் ரிப்பேர், பராமரிப்புக் கட்டணம், தூரமாகிப் போன வேலை என்று இன்னும் எத்தனையோ. குடிசைக்காரர்களைத் திரட்டிய நிறுவனமே, அரசு வகுத்த திட்டத்தை நிறைவேற்றும் ஏஜெண்ட் மாதிரி ஆகும்போது, மக்கள் யாரிடம் போய்ப் புகார் சொல்வார்கள்? இந்தக் கேள்வி எல்லா ஊர்த் தொண்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

பணம் வரும் வழி

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். லாப நோக்கமற்ற அமைப்பை 1860 சங்கப் பதிவுச் சட்டப்படி சங்கமாகவோ, டிரஸ்டாகவோ, 2013 கம்பெனிச் சட்டத்தின் 8ஆவது பிரிவுப்படி கம்பெனியாகவோ பதிவு செய்யலாம். நம்ம தமிழ்ச் சங்கங்களில் பலவும் முதல் வகை. வெளிநாட்டுப் பணம் வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி வேண்டும். 2020இல் வந்த திருத்தத்தின்படி, டெல்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே கிளையில்தான் அந்தப் பணம் வந்து இறங்க வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாங்கியதை வேறு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. பெரிய நிறுவனம் வாங்கிச் சின்னச் சின்னத் தெரு அமைப்புகளுக்குக் கொடுக்கும் வழி இதனால் அடைபட்டது. இன்னொரு பக்கம், 2014 ஏப்ரல் முதல் பெரிய கம்பெனிகள் தங்கள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் கம்பெனி மார்ச் மாதத்துக்குள் போட்டோவோடு ரிப்போர்ட் கேட்கும். சேமிப்புக் குழு வேரூன்றப் பத்து வருஷம் வேண்டும். ஆக, பணம் பெரும்பாலும் பள்ளிக்கும் மருத்துவ முகாமுக்கும் போகிறது.

நாமும் நன்கொடை கொடுப்பவர்கள்தான். வரிச் சலுகை ரசீதை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறோம். புதிய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று கேட்கலாம்: போன வருஷம் கட்டியது இந்த வருஷம் நடக்கிறதா, அதை நடத்துகிற செலவு யாருடையது, அந்தத் தெரு ஆட்கள் உங்கள் குழுவில் இருக்கிறார்களா என்று.

இப்போது தாராவி

19ஆம் நூற்றாண்டிலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தாராவியில் தோல் பதனிட்டார்கள். குயவர்கள் குஜராத்திலிருந்து வந்தார்கள். பிறகு உத்தரப் பிரதேசம், பீகார். இன்று அந்த இடம் முழுக்க மாறப்போகிறது. 2004 முதல் பேசப்பட்டுவந்த மறுசீரமைப்புத் திட்டம், பல டெண்டர்கள் ரத்தான பிறகு, 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தில் அதானி குழுமத்துக்குப் போனது. மாநில அரசும் அதில் 20 சதவீதப் பங்காளி. 2024 மார்ச்சில் வீடு வீடாக சர்வே ஆரம்பித்தது. விதி இப்படி: 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத் தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கு 2.5 லட்சம் ரூபாய்க்கு, தாராவிக்கு வெளியே. அதன் பிறகு வந்தவர்களுக்கும் மாடி அறைகளில் இருப்பவர்களுக்கும் வெளியே, வாடகை அடிப்படையில். திட்டம் சரியா தவறா என்பதில் கட்சிகள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். ஒரு குடும்பம் தன் கடையை, பிள்ளையின் பள்ளியை, நாற்பது வருஷ அக்கம்பக்கத்தை வைத்துக்கொள்ளுமா, முலுண்டுக்கோ தியோனாருக்கோ போகுமா என்பது ஒரு தேதியிலும் ஒரு காகிதத்திலும் தொங்குகிறது.

காகிதம் என்றதும் நமக்கே உரிய ஒரு சங்கடம் வருகிறது. தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மராத்தி முறையில் தன் பெயர், அப்பா அல்லது புருஷன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். ஃபாரம் நிரப்புகிற குமாஸ்தா மூன்றாவது கட்டத்தைக் காலியாக விடமாட்டார். உதாரணத்துக்கு, எஸ். முருகன் என்பவர் ரேஷன் கார்டில் 'முருகன் சுப்பையா', வாக்காளர் பட்டியலில் 'மூர்கன் சுப்பய்யா முருகன்', மின்சார பில்லில் 'சுப்பையா எஸ்', ஆதாரில் 'முருகன் எஸ்'. தமிழ்ச்செல்வி என்ற பெண்ணின் ழகரத்தை ஒவ்வொரு குமாஸ்தாவும் ஒவ்வொரு விதமாக எழுதுவார். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலும் மாறும். நாலு காகிதத்திலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். சர்வே அதிகாரிக்குத் தெரியாது. அவர் தகுதியில்லை என்று எழுதினால், மேல்முறையீட்டுக்கு அலைய வேண்டும்.

மகிளா மிலன் பெண்கள் 1980களில் ரேஷன் கார்டுக்காகச் செய்ததும் இந்த வேலைதான். வீடு வீடாகப் போய்க் காகிதங்களை வாங்கிப் பார்த்து, எது இல்லை, எதில் பெயர் தப்பு என்று எழுதி, ஒரே நாளில் கூட்டமாகப் போய் வரிசையில் நின்றார்கள். தனியாகப் போனவளை நாளைக்கு வா என்று அனுப்பிய குமாஸ்தாவுக்கு ஐம்பது பேரை அனுப்ப முடியவில்லை. தாராவியிலும் சீட்டா கேம்பிலும் அந்தோப் ஹில்லிலும் நம்ம சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் ஹால் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலி. ஒரு மேஜை, ஒரு ஜெராக்ஸ் மெஷின், பெயர் வித்தியாசத்துக்கு அஃபிடவிட் எழுதத் தெரிந்த ஒரு வக்கீல் போதும். ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்களும் ஆசிரியர்களும் நம்மிடையே குறைவில்லை. மராத்தி சரளமாக எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இப்போது வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள், பத்தாம் வகுப்பு வரை அதைத்தானே படித்தார்கள்.